கோத்தகிரியிலிருந்து லண்டனுக்கு: மலையிலிருந்து படிக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

2022 செப்டம்பரில் நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றிலிருந்து லண்டனுக்கு முதுகலை படிக்கப் போனேன். ஒரு வருடம் படிப்பு, அப்புறம் ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலாக வேலை. இப்போது ஊரில்தான் இருக்கிறேன். ஜூன், ஜூலை வந்துவிட்டால் எங்கள் வீட்டுத் திண்ணையில் யாராவது ஒரு பிள்ளை மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கூடவே அம்மாவோ அப்பாவோ இருப்பார்கள். குன்னூர், மஞ்சூர், கூடலூர் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். தொகைகளும் விதிகளும் 2025 கடைசியில் இருந்தபடி. விசா விதி அடிக்கடி மாறும். பணம் கட்டும் முன் பிரிட்டிஷ் அரசின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அக்கா, லண்டன் ரொம்பப் பெரிய ஊராமே. எங்கே போய் எதைப் பிடிக்கிறதுன்னே தெரியலை.

பெரிய ஊர்தான். நம் நீலகிரி மாவட்டம் முழுக்கச் சேர்த்தே 2011 கணக்கெடுப்பில் 7,35,394 பேர். லண்டனில் 2021 கணக்குப்படி சுமார் 88 லட்சம் பேர். ஆனால் அது ஒரே ஊர் இல்லை. 32 பரோக்களும் (உள்ளாட்சிப் பகுதிகள்) நடுவில் ‘சிட்டி’ என்னும் பழைய நகரமும் சேர்ந்ததுதான் லண்டன். ஒவ்வொரு பரோவுக்கும் தனிக் கவுன்சில், தனி நூலகங்கள், தனிக் கடைத்தெரு. அதனால் லண்டனைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு தெருவைப் பிடியுங்கள்.

முதல் இரண்டு வாரம் நான் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். ஊரை முழுக்கப் பார்த்துவிட வேண்டும் என்று தினமும் நிலத்தடி ரயிலில் ஓடினேன். பூமிக்குள் இறங்கி, வேறெங்கோ மேலே வந்தால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்றே புரியாது. மலையில் வளர்ந்த நமக்குத் திசை சரிவில் இருக்கிறது. ஏறினால் ஊட்டிப் பக்கம், இறங்கினால் கீழே, மேட்டுப்பாளையம். பனி மூடினாலும் கால் சொல்லிவிடும். லண்டன் மேடு பள்ளம் அதிகமில்லாத சமதள ஊர். அங்கே ஊரைப் பார்க்க மக்கள் ஏறிப்போகும் பார்லிமென்ட் ஹில் 98 மீட்டர்தான். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். கால் எதையும் சொல்லாத ஊரில் எனக்குத் துணையாக வந்தது தேம்ஸ் ஆறு. வளைந்து வளைந்து போனாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. நமக்குச் சரிவு எப்படியோ, அங்கே ஆறு அப்படி.

தங்கும் இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மளிகைக் கடை, ஒரு ஜி.பி. (குடும்ப டாக்டர்) கிளினிக், ஒரு நூலகம், ஒரு பூங்கா, ஒரு பஸ் ரூட். முதல் மாதத்தில் இந்த ஐந்தும் உங்களுடையதாகட்டும். விலை பத்துப் பென்னி கூடுதலாக இருந்தாலும் அதே கடைக்குப் போங்கள். நான் ஈஸ்ட் ஹாமில் இருந்தேன். தெருமுனைக் கடை யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவருடையது. மூன்றாவது வாரம் நான் உள்ளே நுழைந்ததும், தலையைக் கூட நிமிர்த்தாமல், “இண்டைக்கு வெந்தயக்கீரை நல்லா இருக்கு, பிள்ளை” என்றார். நான் கீரை தேடுகிறவள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்குத்தான் லண்டனில் எனக்கும் ஓர் ஊர் இருக்கிறது என்று பட்டது.

இன்னொன்று. ஊட்டிக்குப் போனால் சேரிங் கிராஸில் இறங்குவோமே, அந்தப் பெயர் லண்டனிலிருந்து வந்ததுதான். லண்டனிலிருந்து மற்ற ஊர்களுக்கு உள்ள தூரத்தை அந்தச் சேரிங் கிராஸிலிருந்துதான் அளக்கிறார்கள். முதலாம் சார்லஸ் மன்னரின் குதிரைச் சிலை அங்கே நிற்கிறது. முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் நில்லுங்கள். ஒட்டினாற்போல டிரஃபால்கர் சதுக்கம், அதன் வடக்கே தேசிய ஓவியக் கூடம். அங்கே நுழையக் கட்டணம் கிடையாது. தெற்கே கொஞ்சம் நடந்தால் ஆறு. ஊருக்கு நடு எது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

நாங்க ஊட்டிக் குளிர்ல வளர்ந்தவங்க. லண்டன் குளிர் என்ன பண்ணிடும்?

குளிர் ஒன்றும் பண்ணாது. ஜனவரியில் தலைகுந்தா புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு லண்டன் குளிர் புதிதில்லை. அதோடு நம் வீடுகளில் ஹீட்டர் கிடையாது, வீட்டுக்குள்ளும் ஸ்வெட்டரும் குல்லாவுமாகத்தான் இருப்போம். அங்கே அறைக்குள் ரேடியேட்டர் இருக்கும்.

படுத்துவது இருட்டு. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரி வடக்கே. லண்டன் 51 டிகிரியில் இருக்கிறது. டிசம்பர் மூன்றாம் வாரம் அங்கே காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் வரும், மாலை நான்கு அடிக்கும் முன் போய்விடும். வகுப்பு பத்து முதல் நான்கு வரை என்றால் வெயில் முகத்தில் படாமலே ஒரு வாரம் கடந்துவிடும். எனக்கு நவம்பர் நடுவில் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. தூக்கம் கெட்டது, சமைக்கப் பிடிக்கவில்லை. வீட்டு நினைப்புத்தான் என்று நினைத்துக்கொண்டேன். கூடப் படித்த நைஜீரியப் பெண்தான், “மதியம் பன்னிரண்டு மணிக்கு வெளியே வா, அரை மணி நேரம் நடப்போம்” என்று இழுத்துப் போனாள். மழை தூறினாலும் போனோம். இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பியது.

ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மதிய வெளிச்சத்தில் அரை மணி நேரம் வெளியே இருப்பதைச் சாப்பாடு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்திலும் குளிர் காலத்திலும் எல்லோரும் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வதை யோசிக்கச் சொல்கிறது அங்குள்ள அரசு மருத்துவத் துறை. நம்மைப் போலக் கறுத்த தோல் உள்ளவர்களை வருடம் முழுக்கவே யோசிக்கச் சொல்கிறது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும்.

அப்புறம் பூஞ்சணம். மழைக்காலத்தில் பீரோத் துணியில் பிடிக்குமே, அதேதான். துணியை அறைக்குள் காயப்போட்டுக் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டால் ஒரே மாதத்தில் சுவர் மூலை கறுக்கும். குளிராக இருக்கிறதே என்று பார்க்காமல் தினமும் கால் மணி நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

பெட்டியில் இடம் பிடிப்பது பெரும்பாலும் ஸ்வெட்டர்தான். இரண்டு போதும். மழையும் காற்றும் புகாத ஜாக்கெட் ஒன்றை அங்கே போய் வாங்குங்கள். காற்றில் குடை மடங்கிவிடும், நம்ப வேண்டாம்.

மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, இன்டக்‌ஷன் அடுப்பிலும் நிற்கிற அடிப்பாகம் உள்ளதாக. நம் கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், லண்டனில் 100. பருப்பு அங்கே சீக்கிரம் வெந்துவிடும், விசிலைக் குறைத்துக்கொள்ளுங்கள். உபரியாக ஒரு மூக்குக்கண்ணாடி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் டாக்டர் சீட்டோடு, அசல் சான்றிதழ்கள், நம் பிளக்கை அந்த ஊர் பாயின்ட்டில் செருக இரண்டு அடாப்டர். டீத்தூள் ஒரு கிலோ. அங்குள்ள டீ பேக்கில் பால் ஊற்றிக் கொதிக்க வைத்தால் நம் டீ வராது.

இறைச்சியும் பாலில் செய்தவையும் கொண்டுபோகக் கூடாது. நெய், பன்னீர், பால்கோவா எல்லாம் அதில் சேரும். பாட்டி கொடுத்தாலும் கொண்டுபோகாதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

எவ்வளவு காசு வேணும்? நிலத்தை வெச்சுக் கடன் வாங்கலாமா?

கல்லூரிக் கட்டணம் போக, லண்டனில் படிப்பவர் மாதம் 1,529 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு, அதாவது 13,761 பவுண்டு, கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். 2025 நவம்பரில் வந்த அளவு இது. பணம் உங்கள் கணக்கிலோ அப்பா அம்மா கணக்கிலோ தொடர்ந்து 28 நாள் இருந்திருக்க வேண்டும். வங்கிக் கல்விக் கடனையும் காட்டலாம். “பணத்தை நான் காட்டுறேன், கமிஷன் கொடுங்க” என்று சொல்லும் ஏஜெண்டிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். விண்ணப்பத்தில் ஒரு பொய் தெரிந்தால் விசா மறுப்பதோடு நிற்காது, பல வருடத்துக்கு அந்த நாட்டுக் கதவே அடைபடலாம்.

இவை தவிர மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்டு, விசா விண்ணப்பத்தோடு மொத்தமாகக் கட்ட வேண்டும். நான் போனபோது 470. ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்களுக்குக் காசநோய் இல்லை என்ற சான்றும் வேண்டும். அதை பிரிட்டிஷ் அரசு அங்கீகரித்த மையத்தில்தான் எடுக்க வேண்டும், உங்கள் ஊர் லேபில் எடுத்தது செல்லாது.

நிலத்துக்கு வருவோம். நம் மலையில் பல குடும்பங்களுக்குக் கூட்டுப் பட்டாதான். பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் கையெழுத்துப் போடாமல் வங்கி அடமானம் வாங்காது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜென்மி நிலப் பிரச்சினை (பழைய ஜமீன் மாதிரியான நிலம்) இருக்கிறது. 1969 சட்டத்தின் 17-ஆம் பிரிவு நிலத்தில் தலைமுறையாக இருப்பவர்களுக்கும் பட்டா இல்லை. ஆகவே நிலம் இருக்கிறது, கடன் வந்துவிடும் என்று நம்பிக் கல்லூரிக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் வங்கியில் பேசுங்கள். வித்யாலட்சுமி தளத்தில் பதிந்து பல வங்கிகளில் ஒரே சமயம் கேட்கலாம்.

உதவித்தொகையைப் பலர் தேடுவதே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் பிள்ளைகள் யாராவது படிக்கிற வயதில் பக்கத்தில் இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டு வருட வேலை அனுபவம் உள்ளவர்கள் பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு எழுதலாம். அதில் கட்டணம், தங்கும் செலவு இரண்டும் அவர்களுடையது. படித்து முடித்து இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

கடன்தான் வழி என்றால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லண்டனில் வேலை கிடைக்கவே இல்லை, கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ ஆரம்பச் சம்பளத்தில் சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சம்பளத்தில் மாதத் தவணை கட்டி, மிச்சத்தில் சாப்பிட முடியுமா? முடியாதென்றால் இன்னொரு வருடம் வேலை பார்த்துச் சேர்த்துவிட்டுப் போங்கள். பசுந்தேயிலை விலையை நம்பி அப்பாவைத் தவணை கட்டவைக்காதீர்கள். அந்த விலை எப்படி ஏறி இறங்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

பார்ட் டைம் வேலையிலேயே செலவைச் சமாளிச்சுடலாம்னு ஏஜெண்ட் சொல்றாரே?

தப்பு. பட்டப்படிப்பு, முதுகலை மாணவர்கள் வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை 21 வயது நிரம்பியவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. அப்படியானால் வாரத்துக்கு 244 பவுண்டு, மாதம் ஆயிரத்தைச் சுற்றி. மேலே சொன்ன 1,529-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வேலையும் முதல் மாதமே கிடைக்காது. எனக்குக் கிடைக்க ஒன்பது வாரம் ஆனது.

விடுமுறையில் முழுநேரம் செய்யலாம் என்பது உண்மை. ஆனால் ஒரு வருட முதுகலைக்குக் கோடைக்காலம் பெரும்பாலும் விடுமுறை இல்லை, ஆய்வுக் கட்டுரை எழுதும் காலம். அப்போதும் 20 மணி நேரம்தான். இது தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பல்கலைக்கழகம் எந்தத் தேதிகளை விடுமுறை என்கிறது என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.

சுயதொழில் கூடவே கூடாது. பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஆப் வேலையும் சுயதொழில்தான். அடுத்தவர் கணக்கை வாடகைக்கு வாங்கி ஓட்டலாம் என்று கூட்டாளிகள் சொல்வார்கள். பிடிபட்டால் விசா போகும், படிப்பு போகும், வீட்டில் வாங்கிய கடன் மட்டும் நிற்கும்.

தங்க இடம் எப்படிப் பிடிக்கிறது? இங்கிருந்தே அட்வான்ஸ் கொடுத்துடலாமா?

கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். 2022 ஆகஸ்டில் கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு இணையத்தில் ஒரு அறையின் படம் பார்த்தேன். மஞ்சள் திரை, ஜன்னலோரம் மேசை, மிதமான வாடகை. வேறு மூன்று பேர் கேட்கிறார்கள், இன்றே 300 பவுண்டு அனுப்பினால் உங்களுக்கு என்றார் பேசியவர். தேயிலை பாக்டரியிலிருந்து வந்த இலைப் பணத்தை அப்பா எடுத்துக் கொடுத்தார். லண்டனில் இறங்கிய மறுநாள் பெட்டியோடு அந்த முகவரிக்குப் போனேன். வீடு இருந்தது, எண்ணும் சரி. கதவைத் திறந்த வயதான அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை. படத்தில் இருந்தது வேறு யாருடைய வீடோ. அந்த அம்மா உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். 300 பவுண்டு திரும்பி வரவே இல்லை.

ஆகவே முதல் வருடம் முடிந்தவரை பல்கலைக்கழக விடுதி. விலை கூடுதல் என்றாலும் ஏமாற்று இல்லை. கிடைக்காவிட்டால் முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் தெரிந்தவர் வீட்டிலோ ஹாஸ்டலிலோ இருந்துகொண்டு, நேரில் பார்த்துப் பிடியுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பென்றால் வகுப்பு தொடங்க ஒரு மாதம் முன்பே நாட்டுக்குள் போகலாம்.

சட்டத்தில் சில விஷயங்கள் உங்கள் பக்கம் இருக்கின்றன. 2019-லிருந்து இங்கிலாந்தில் சாதாரண வாடகைக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கக் கூடாது. அறையைப் பிடித்து வைக்க வாங்கும் தொகை ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு, விவரம் உங்களுக்குத் தர வேண்டும். வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்தால் இந்த டெபாசிட் பாதுகாப்பு பொருந்தாது. நம் ஆட்கள் பெரும்பாலும் அப்படித்தான் தங்குகிறார்கள், கவனம். சாவி வாங்கிய அன்றே சுவர், மெத்தை, அடுப்பு எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள்.

போய் இறங்கின முதல் வாரம் என்ன செய்யணும்?

பல்கலைக்கழகப் பதிவுதான் முதலில். அதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கும், தவறினால் விசாவுக்கே ஆபத்து. நான் போனபோது விசா அட்டையைத் தபால் அலுவலகத்தில் வாங்கினேன். இப்போது அட்டை கிடையாது, எல்லாம் இ-விசா, இணையக் கணக்கில் இருக்கும். கிளம்பும் முன்பே அந்தக் கணக்கைத் திறந்து பெயர், பாஸ்போர்ட் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் அப்பா பெயர் முன்னால், பின்னால் என்று மாறி மாறி இருக்கும், அதில்தான் சிக்கல் வரும்.

அப்புறம் மாணவர் என்பதற்கான கடிதத்தைப் பல்கலைக்கழகத்தில் வாங்குங்கள். வங்கிக் கணக்குக்கும் அது வேண்டும், கவுன்சில் வரிக்கும் வேண்டும். முழுநேர மாணவர்கள் மட்டுமே இருக்கும் வீட்டுக்கு அந்த வரி கிடையாது. ஆனால் கடிதத்தைக் காட்டாவிட்டால் பில் வந்துகொண்டே இருக்கும். உங்கள் வங்கிக் கணக்கில் யாராவது “கொஞ்சம் பணம் போடறேன், எடுத்துக் கொடு” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே அது குற்றம், நண்பருக்கு உதவி என்று சொன்னாலும் எடுபடாது.

உடம்பு சரியில்லைன்னா?

நல்லா இருக்கும்போதே ஜி.பி.யிடம் பதிவு செய்துவிடுங்கள். குடும்ப டாக்டர் மாதிரி, எல்லாம் அவர் வழியாகத்தான். பார்ப்பதற்குப் பணம் கிடையாது, 776 பவுண்டில் அது சேர்ந்தது. அவசரமில்லை, ஆனால் யோசனை வேண்டும் என்றால் 111. உயிருக்கு ஆபத்தென்றால் 999. மெடிக்கலில் போய் ஆன்டிபயாடிக் கேட்டால் பெரும்பாலும் தரமாட்டார்கள். மருந்துச் சீட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு. பல் வைத்தியம் இதில் இலவசமில்லை, சொத்தைப் பல் இருந்தால் கோத்தகிரியிலேயே பார்த்துவிட்டுப் போங்கள்.

பஸ்ஸா, ரயிலா?

பஸ். 2025-ல் ஒரு டிக்கெட் 1.75 பவுண்டு, ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே காசு. சில்லறை வாங்கமாட்டார்கள், கார்டுதான். நிலத்தடி ரயில் வேகம், ஆனால் விலை கூடுதல். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கான ஆய்ஸ்டர் அட்டை எடுத்தால் வார, மாதப் பாஸில் 30 சதவீதம் குறையும். ஊர் பழக வேண்டும் என்றால் மாடி பஸ்ஸின் மேல்தளத்தில் முன் சீட்டில் உட்காருங்கள். பர்லியாறு வளைவுகளில் முன் சீட்டுக்கு அடித்துக்கொண்ட நமக்கு அது பிடிக்கும்.

நம்ம தமிழ் ஆளுங்க இருக்காங்களா?

நிறைய. ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்ப்ளிப் பக்கம் தமிழ்க் கடைகளும் கோயில்களும் உண்டு. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் முருங்கைக்காய் முதல் பொன்னாங்கண்ணி வரை கிடைக்கும். மேனர் பார்க்கில் முருகன் கோயில் இருக்கிறது. ஆர்ச்வே ரோட்டில் ஹைகேட் ஹில் முருகன் கோயில் என்று இன்னொன்று. அது மேட்டில் இருக்கிறது, ஏறிப் போகும்போது எனக்குக் கொஞ்சம் நம் ஊர் நினைப்பு வரும்.

அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் ஈழத்துக்காரர்கள். 1983 கலவரத்துக்குப் பின் போரில் எல்லாம் இழந்து வந்து, நின்று, கடை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். அவர்கள் “கதைப்பது” என்றால் பேசுவது, “வடிவு” என்றால் அழகு, “பெடியன்” என்றால் பையன். அவர்கள் தமிழைச் சினிமாவில் கேட்ட மாதிரிப் பேசிக் காட்டாதீர்கள், மனம் புண்படும். ஊர் எது என்று கேட்பதிலும் நிதானம் வேண்டும். சிலருக்கு அந்த ஊர் இப்போது இல்லை.

ஆனால் முழுக்கத் தமிழர்களோடே இருந்துவிடாதீர்கள். என்னை இருட்டிலிருந்து இழுத்து வெளியே நடக்க வைத்தவள் அந்த நைஜீரியப் பெண்தான், லாகோஸ்காரி.

நான் கான்வென்ட்ல படிக்கலை. இங்கிலீஷ் வருமா?

வரும். முதல் மூன்று வாரம் அவர்கள் பேசுவது காதில் விழாது, அப்புறம் விழும். புரியவில்லை என்றால் “மறுபடியும் சொல்லுங்க” என்று கேட்க அங்கே யாரும் கூச்சப்படுவதில்லை. பேராசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், எனக்கு வாய் வர ஒரு மாதம் ஆனது. கட்டுரையில் அடுத்தவர் வரியை எடுத்தெழுதிவிட்டுப் பெயர் போடாமல் விடுவதை அவர்கள் திருட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். நம் கல்லூரிகளில் அதைப் பெரிதாக யாரும் சொல்லித் தருவதில்லை, எனவே முதல் வாரமே அந்த வகுப்புக்குப் போய்விடுங்கள்.

டிசம்பர்ல நம்ம படகர் ஹெத்தை பண்டிகைக்கு ஊருக்கு வந்துட்டுப் போக முடியுமா?

கிறிஸ்துமஸ் விடுமுறை ஜனவரித் தொடக்கம் வரை இருக்கும், ஆனால் அந்தச் சமயம் டிக்கெட் விலை உச்சத்தில். பண்டிகை தேதி விடுமுறைக்கு வெளியே விழுந்தால் வராதீர்கள். வருகைப் பதிவைப் பல்கலைக்கழகம் விசா அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டிய கடமை உண்டு.

படிச்சு முடிச்சதும் அங்கேயே இருக்கலாமா?

பட்டதாரி விசாவில் இரண்டு வருடம் இருந்து வேலை தேடலாம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது, முனைவர் பட்டத்துக்கு மட்டும் மூன்று வருடம். கணவனையோ மனைவியையோ உடன் அழைத்துப்போவது, 2024 ஜனவரியிலிருந்து, ஆய்வுப் படிப்பல்லாத பாடமுறை முதுகலை மாணவர்களுக்கு முடியாது.

அங்கே போய் மனசு தாங்கலைன்னா யார்கிட்ட சொல்றது, அக்கா?

இதைக் கேட்பவர்கள் எப்போதும் எல்லோரும் எழுந்த பிறகு, செருப்பு மாட்டும்போது மெதுவாகக் கேட்பார்கள். பல்கலைக்கழகத்தில் மனநல ஆலோசகர் இருப்பார், பணம் கிடையாது, நீங்கள் சொல்வது உங்கள் மதிப்பெண்ணுக்கோ விசாவுக்கோ போகாது. நான் நான்கு முறை போனேன். நடு ராத்திரி என்றால் 116 123, சமாரிட்டன்ஸ் என்னும் மனநல உதவி எண், எந்நேரமும் இலவசம். வீட்டில் கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார்களே, எப்படிச் சொல்வது என்று உள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் சொல்லத் தயக்கமாக இருந்தால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள், நான் உங்கள் அம்மாவிடம் பேசுகிறேன்.

பொண்ணைத் தனியா அனுப்பறோம்மா. எத்தனை மணிக்கு போன் பண்ணினா அவளுக்குத் தொந்தரவு இருக்காது?

இந்தக் கேள்வி அம்மாக்களுடையது. கோடையில் நமக்கும் லண்டனுக்கும் நான்கரை மணி நேர வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அதிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை. அதனால் நம் இரவு ஒன்பது மணி, செப்டம்பரில் அவளுக்கு மாலை நாலரை, டிசம்பரில் மூன்றரை.

தினமும் பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள், ஆனால் ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். என் அம்மா ஒன்பது மணிக்கு போன் பண்ணுவார். குளிர்காலத்தில் எனக்கு அப்போது மூன்றரை, ஜன்னலுக்கு வெளியே மங்கிக்கொண்டிருக்கும். “என்ன சாப்பிட்டே?” என்று கேட்டுவிட்டு, அம்மா அன்றைக்கு எத்தனை கிலோ இலை போட்டார்கள், எந்த மாடு ஈன்றது, பக்கத்து ஹட்டியில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று சொல்லிக்கொண்டே போவார். நான் ரசத்துக்குப் புளி கரைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். அவளிடமும் அப்படியே பேசுங்கள். “எப்ப வேலை கிடைக்கும்?” என்று முதல் மூன்று மாதம் கேட்காதீர்கள், அம்மா.